பையில்லாமல் கடல் கடந்த சாது



இந்த மாதம் ஒரு தேவமனுஷனுடைய ஜீவியத்தை எழுதும்படி ஏவப்பட்டேன். அதற்குக் காரணம் நம்முடைய ஜெபக் குறிப்புச் சீட்டுகள்தான். முன்பெல்லாம் சீட்டைப் பிரித்தால் வியாதி, மழை, பிள்ளையில்லாத குறை, குடிகாரப் புருஷன் என்றுதான் இருக்கும். இப்போது வெளிநாடு என்கிற வார்த்தை அடிக்கடி வருகிறது. மகன் சிங்கப்பூர் போகவேண்டும். மருமகனுக்குத் துபாய் விசா கிடைக்கவேண்டும். ஊழியக்காரர் ஒருவருக்கு மலேசியாவில் கூட்டங்கள் திறக்கவேண்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆபிரகாமும் தேசத்தை விட்டுப் புறப்பட்டவன்தான். ஆனால் எல்லாச் சீட்டின் அடியிலும் எழுதாத இன்னொரு வரி இருக்கிறது. கையில் காசு இல்லை. போகவேண்டிய தூரமோ ரொம்பப் பெரிசு.

அப்படிக் காசில்லாமல் தேசம் தேசமாய்ப் போய், வருஷக் கணக்காய் ஜனங்கள் நடுவில் சுற்றி, யாருக்கும் கடன்படாமல் திரும்பி வந்த ஒருவர் உண்டு. அவர்தான் சாது சுந்தர் சிங். காவி அங்கி, தலைப்பாகை, தாடி, கருணையான கண்கள் என்று அவருடைய படம் நம்மில் பலர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வேதத்தைக் கிழித்து எரித்ததும், தரிசனம் கண்டதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் பணப்பையே இல்லாத அந்த மனுஷன் எப்படி இத்தனை தேசம் போனார் என்று நாம் உட்கார்ந்து யோசித்ததில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வசதியான வீட்டுப் பிள்ளை

1889-ஆம் வருஷம் செப்டம்பர் 3-ஆம் தேதி, பஞ்சாப் தேசத்தில் லூதியானாவுக்கு அருகே, பாட்டியாலா சமஸ்தானத்து ராம்பூர் கிராமத்தில் அவர் பிறந்தார். நிலபுலம் உள்ள சீக்கியக் குடும்பம். தகப்பன் பெயர் ஷேர் சிங். தாயார் பக்தியுள்ள அம்மா. மகன் ஒரு சாதுவாக வேண்டும் என்பது அந்தத் தாயின் வாஞ்சை. சுந்தருக்குப் பதினாலு வயசு இருக்கும்போது அந்த அம்மா மரித்துப் போனார்கள். பையனுடைய உள்ளம் உடைந்தது. அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவன், வேதத்தின் மேலேயே கோபத்தைக் காட்டினான். 1904 டிசம்பர் 16-ஆம் தேதி சுவிசேஷப் புத்தகத்தைத் தீயில் போட்டான். அடுத்த மூன்றாம் நாள், டிசம்பர் 18 விடியற்காலையில், மெய்யான தேவன் தன்னைக் காட்டாவிட்டால் ரயில் தண்டவாளத்தில் தலை வைப்பது என்று முடிவோடு ஜெபித்தவனுக்குக் கர்த்தர் தரிசனமானார். அல்லேலூயா!

வீட்டில் எதிர்ப்பு எழும்பிற்று. ஆசை காட்டிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், கடைசியில் வீட்டை விட்டே அனுப்பினார்கள். கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாட்டில் விஷம் இருந்தது என்றும், ரூபார் என்ற ஊரில் விசுவாசிகள் தன்னைக் காப்பாற்றினார்கள் என்றும் அவர் பிற்பாடு சாட்சி சொன்னார். 1905 செப்டம்பர் 3-ஆம் தேதி, தன்னுடைய பதினாறாவது பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். முப்பத்து மூன்று நாள் கழித்து, அக்டோபர் 6-ஆம் தேதி, காவி உடுத்திக்கொண்டு வெறுங்காலோடு புறப்பட்டுவிட்டார். கையில் ஒரு புதிய ஏற்பாடு, மேலே ஒரு கம்பளி. அவ்வளவுதான் சொத்து.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பட்டினியால் வீட்டை விட்டுப் போனவர் அல்ல இவர். நெய்யும் பாலும் உள்ள வீட்டிலே வளர்ந்தவர். வறுமை அவருக்குப் பிறவியிலே வந்ததல்ல, அவர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்ளச் சில வருஷங்கள் ஆயின. அந்தப் பழக்கம்தான் பிற்பாடு கடல் கடக்கும்போது அவருக்குக் கைகொடுத்தது.

மலைப்பாதைதான் பள்ளிக்கூடம்

அவருடைய முதல் பிரயாணங்களெல்லாம் நடைதான். பஞ்சாப், காஷ்மீர், ஆப்கானிஸ்தான் எல்லை, பலுசிஸ்தான் என்று நடந்தார். கல்லிலும் முள்ளிலும் கால் கிழிந்து இரத்தம் வடிந்ததினால், இரத்தம் வடியும் பாதங்களின் அப்போஸ்தலன் என்றே வடதேசத்து விசுவாசிகள் அவரை அழைத்தார்கள்.

சிம்லாவுக்கு அப்பால் கோட்கர் என்ற மலை ஊரில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்க வாலிபர் ஊழியம் செய்தார். பிலதெல்பியாவில் செல்வமுள்ள குடும்பத்தில் பிறந்தவர், எல்லாவற்றையும் விட்டு இந்தியாவுக்கு வந்தவர். சுந்தர் அவரோடு சேர்ந்து கொஞ்சகாலம் உழைத்தார். சபாத்துவிலே குஷ்டரோகிகள் நடுவிலும், லாகூர்ப் பக்கத்தில் பிளேக் நோயாளிகள் நடுவிலும் இருவரும் ஊழியம் செய்தார்கள். அப்போது சாதுவுக்கு வயசு பதினேழு, பதினெட்டு. நம்ம ஊரில் அந்த வயசுப் பையன் செல்போனுக்கு அடம்பிடிக்கிறான்.

1908-ல் முதன்முதலாகத் திபெத்துக்குள் போனார்.  கப்பலும் இல்லை, வாகனமும் இல்லை. இமயமலைக் கணவாய்கள் பனியில்லாத சில மாதம்தான் திறந்திருக்கும். அதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் வழி மூடிக்கொள்ளும். போகிற வழியில் பூ என்ற கிராமத்தில் மொராவிய மிஷனெரிகள் அவரைச் சேர்த்துக்கொண்டு பாஷை கற்றுக்கொள்ள உதவினார்கள். அப்புறம் அந்த ஜனங்கள் சாப்பிடுகிற வறுத்த பார்லி மாவும், உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரும்தான் ஆகாரம். சாமைக் கஞ்சி குடித்துவிட்டு மரவள்ளி மூட்டையைத் தலையில் வைத்து மேடு ஏறுகிற நம்ம மலை ஜனங்களுக்கு இது புரியும். கீழே இருந்து மேலே போகிறவனுக்கு மூட்டை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

பாருங்கள், அவர் என்ன செய்தார் என்று. போகிற தேசத்து ஆகாரத்தைச் சாப்பிட்டார். அந்த தேசத்து பாஷையைப் படித்தார். எந்த மாதம் வழி திறக்கும், எந்த மாதம் மூடும் என்று விசாரித்துப் போனார். விசுவாசத்தில் போகிறவன் விசாரிக்காமல் போகவேண்டும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

திபெத்துப் பிரயாணம் ஒன்றைக் குறித்து அவர் கூட்டங்களில் சொல்லும் சம்பவம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கடும் பனியில் அவரும் ஒரு திபெத்தியனும் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு மனுஷன் பள்ளத்தில் விழுந்து கிடந்தான். கூட வந்தவன் தன் உயிர் பிழைத்தால் போதும் என்று முன்னே போய்விட்டான். சாது இறங்கி, விழுந்தவனை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். சுமந்த பாரத்தில் அவர் சரீரம் சூடேறிற்று, அந்தச் சூட்டில் முதுகிலிருந்தவனும் பிழைத்தான். கொஞ்ச தூரம் போனால், தனியே போனவன் பனியில் உறைந்து செத்துக் கிடந்தான். தூர தேசத்தில் இருக்கிற நம் பிள்ளைகள் இதை மனசில் எழுதி வைக்கவேண்டும். அங்கே ஒருவனுக்கு ஒருவன் துணை நிற்கிறது செலவு அல்ல. அதுதான் உயிர் பிழைக்கிற வழி.

பம்பாயில் மூடின கதவு

திபெத்திலிருந்து திரும்பிய பிறகு சாதுவுக்கு ஒரு பெரிய வாஞ்சை உண்டாயிற்று. ஆண்டவர் நடந்த பாலஸ்தீனா தேசத்தை ஒருதரம் பார்க்கவேண்டும். அதற்காகப் பம்பாய் வரைக்கும் போனார். ஆனால் போக அனுமதி கிடைக்கவில்லை. கதவு மூடிற்று.

நாமாக இருந்தால் என்ன பண்ணுவோம்? வேறு ஏஜெண்ட் இருக்கிறானா, வேறு வழியாக ஏறலாமா, யாருக்காவது கொஞ்சம் கொடுத்தால் வேலை நடக்குமா என்று பார்ப்போம். சாது வந்த வழியே வடக்கே திரும்பிப் போய்விட்டார். ஊழியத்தைத் தொடர்ந்து செய்தார். அந்த வாஞ்சை செத்துப்போகவில்லை, ஆனால் அதற்காகக் குறுக்கு வழி தேடவில்லை. இந்தக் கதவு எப்போது திறந்தது என்று பிறகு சொல்கிறேன்.

1909 கடைசியில் லாகூரில் ஒரு வேத கலாசாலையில் சேர்ந்தார். சில மாதம்தான் படித்தார். பிரசங்கிக்கும் உரிமைப் பத்திரம் வாங்கினால் ஒரே அத்தியட்சாதீனத்துக்குள்ளேதான் ஊழியம் செய்யமுடியும் என்று அறிந்தபோது அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். பத்திரத்தோடு வருகிற பாதுகாப்பும் போயிற்று. வேத கலாசாலையில் டிப்ளமா படித்த நான் இதை எழுதுகிறபோது எனக்குள்ளே சிரித்துக்கொள்கிறேன். படிப்பு வேண்டாம் என்பது அவருடைய உபதேசம் அல்ல. எல்லாச் சபை ஜனங்களிடமும் போகவேண்டும் என்பது அவருடைய பாரம்.

கிழக்கே ஒரு சுற்று

1918-ல் அவர் தென் தேசம் வந்தார். மெட்ராஸிலும் தமிழ்நாட்டுச் சபைகளிலும் திருவிதாங்கூரிலும் ஜனங்கள் திரள் திரளாய்க் கூடினார்கள். கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் 1895 முதல் நடந்துவருகிற மாராமண் கன்வென்ஷனிலும் பேசினார். திருவிதாங்கூரில் ஊழியம் செய்த லண்டன் மிஷனைச் சேர்ந்த திருமதி பார்க்கர் அவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதி வெளியிட்டார்கள். அந்த வருஷமே சிலோனுக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கூட்டங்கள் நடந்தன. அதன் பிறகு பர்மா, பினாங்கு, சிங்கப்பூர், அங்கிருந்து ஜப்பான், சீனா என்று 1919 வரை போய் வந்தார். சிங்கப்பூரில் மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமல், தெரிந்த இங்கிலீஷிலேயே பேச ஆரம்பித்தார்.

இத்தனைக்கும் பணம்? அவர் ரொக்கத்தை வாங்குகிறதில்லை. இதுதான் அவர் முறை. தங்க ஒரு இடம், சாப்பிட ஏதாவது, அடுத்த ஊருக்கு ஒரு டிக்கெட். அழைத்தவர்கள் அதைச் செய்தால் போதும். மிச்சம் என்று ஒன்றும் கையில் இல்லாததால் கணக்கும் இல்லை, பூட்டும் இல்லை, திருட்டுப் பயமும் இல்லை.

இதை வாசித்துவிட்டு யாரும் சாது பிச்சையெடுத்துப் பிழைத்தார் என்று நினைத்துவிடாதிருங்கள். விருந்தாளியாய்ப் போகிறதற்கும் பாரமாய்ப் போகிறதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கேட்கிறவனுடைய தேவை பெருகிக்கொண்டே போனால் அவன் பாரம். சாதுவுடைய தேவையோ வருஷத்துக்கு வருஷம் சுருங்கிற்று. அவரை ஒரு வாரம் வைத்திருந்தவர்கள், இன்னும் ஒரு வாரம் இருக்கமாட்டாரா என்று ஏங்கினார்கள்.

அப்பா கொடுத்த டிக்கெட்

இங்கிலாந்துக்கும் மேல்தேசங்களுக்கும் போகவேண்டும் என்ற பாரம் அவருக்கு வந்தது. கிறிஸ்தவ தேசம் என்று சொல்லிக்கொள்கிற தேசங்களில் கிறிஸ்தவம் எப்படி இருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க விரும்பினார். ஆனால் கப்பல் கட்டணம் சும்மா வருமா?

பிரியமானவர்களே, இங்கேதான் என் உள்ளம் உடைகிற இடம். அந்தப் பணம் எந்த மிஷன் சங்கத்திலிருந்தும் வரவில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னே அவரை வீட்டை விட்டுத் துரத்தின அதே தகப்பன் ஷேர் சிங்கிடமிருந்து வந்தது. 1919-ல் அந்தப் பெரியவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். மகனுடைய கப்பல் செலவை நான் தருகிறேன் என்று தாமாகவே முன்வந்தார். மகன் கேட்டு வாங்கவில்லை. வீடு கேட்கவில்லை, பாகம் கேட்கவில்லை, கேஸ் போடவில்லை. பதினாலு வருஷம் வெறுங்காலோடு நடந்து, தகப்பனுக்காக ஜெபித்தார். கர்த்தர் தகப்பனுடைய இருதயத்தைத் திறந்தபோது பணப்பெட்டியும் கூடத் திறந்தது. இருதயம் முதலில் திறந்தது, பெட்டி அப்புறம் திறந்தது. அந்த ஒழுங்கை மாற்றிவிடாதிருங்கள்.

1920 ஜனவரியில் பம்பாயில் கப்பலேறி, பிப்ரவரியில் லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கினார். பர்மிங்காம், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன், ஸ்காட்லாந்து என்று கூட்டங்கள். மே மாதம் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் இறங்கி, தேசத்தைக் கிழக்கிலிருந்து மேற்கே கடந்து, ஜூலை கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் கப்பலேறினார். ஹோனலூலு வழியாக ஆஸ்திரேலியா. அங்கே சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு. செப்டம்பர் கடைசியில் பம்பாய் வந்து சேர்ந்தார். எட்டு மாதத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். அதே காவி அங்கி, அதே கம்பளி.

அந்த நாட்களில் இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாராம். திறந்த வேலைக்காரப் பெண், எஜமானியிடம் ஓடி, வந்தவர் பெயர் வாயில் நுழையவில்லை, ஆனால் பார்க்க இயேசு கிறிஸ்துவைப்போல இருக்கிறார் என்று சொன்னாளாம். பல புத்தகங்களில் இந்தச் சம்பவம் வருகிறது. நாம் வெளிநாட்டில் ஒரு கதவைத் தட்டினால் திறக்கிறவர்கள் நம்மில் யாரைப் பார்ப்பார்கள்?

ஆக்ஸ்போர்டில் அப்போது நம்முடைய பாளையங்கோட்டை வாலிபர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். ஏ. ஜே. அப்பாசாமி என்பது அவர் பெயர். ஸ்ட்ரீட்டர் என்ற பேராசிரியரோடு சேர்ந்து சாதுவைச் சந்தித்துப் பேசி, 1921-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பிற்பாடு தென்னிந்தியத் திருச்சபையில் கோயம்புத்தூர் பேராயரானார். சாதுவுடைய பெயர் உலகமெங்கும் பரவ ஒரு தமிழனுடைய பேனாவும் உதவிற்று என்பதில் நமக்கு சந்தோஷம்.

மேல்தேசத்தில் அவர் பெரிய மாளிகைகளைப் பார்த்தார், பெரிய ஆலயங்களைப் பார்த்தார். ஆனால் ஜெபிக்க நேரமில்லாத ஜனங்களைப் பார்த்து மனம் நொந்தார். செல்வம் நிறைந்த தேசத்தில் ஆத்துமா காய்ந்துபோகிறது என்று அவர்கள் நடுவிலேயே நின்று தைரியமாய்ச் சொன்னார். எப்படிச் சொல்ல முடிந்தது? அவர்களுடைய காசு அவர் பையில் இல்லை. அதனால் நாக்கு கட்டப்படவில்லை. ஊழியக்கார சகோதரர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். வெளிநாட்டு உதவி வரும் என்ற நம்பிக்கையில் சத்தியத்தை விழுங்கிக்கொண்டு பேசுகிறவனுடைய பிரயாணம், டிக்கெட் ஓசியாக இருந்தாலும் விலை அதிகமான பிரயாணம்.

பாலஸ்தீனா கதவு திறந்தது

பம்பாயில் மூடின கதவு ஞாபகம் இருக்கிறதா? 1922 ஜனவரி கடைசியில் அதே பம்பாயில் சாது மறுபடியும் கப்பலேறினார். இந்தத் தடவை பாலஸ்தீனாவுக்குத்தான் முதலில் போனார். ஆசைப்பட்டு ஏறக்குறைய பதினாலு வருஷம் கழித்து, எருசலேமையும் ஆண்டவர் நடந்த இடங்களையும் கண்ணாரக் கண்டார். பத்தொன்பது வயசில் போயிருந்தால் ஒரு யாத்திரீகனாய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார். முப்பத்திரண்டு வயசில், அடியும் பசியும் பனியும் கண்ட பாதங்களோடு போனார். எந்தப் பார்வை ஆழமாயிருந்திருக்கும்? தாமதமும் சில நேரம் தேவனுடைய ஈவுதான்.

அங்கிருந்து ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஹாலந்து, இங்கிலாந்து. ஸ்வீடனில் உப்சாலா பேராயர் நாதான் சோடர்ப்ளோம் அவரை வரவேற்றார். முதலாம் உலக யுத்தம் முடிந்து மூன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஜனங்கள் ஆயிரக்கணக்காய்க் கூடினார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தப் பிரயாணம் அவர் சரீரத்தை உடைத்துவிட்டது. நாளுக்கு ஒரு ஊர், ஓயாத கூட்டங்கள், தனிமையில் ஜெபிக்க நேரமில்லை. களைத்து, வியாதிப்பட்டு இந்தியா திரும்பினார். எத்தனையோ தேசத்து அழைப்புகளுக்கு முடியாது என்று பதில் எழுதினார். அதற்குமேல் அவர் மேல்தேசங்களுக்குப் போகவே இல்லை. பெயர் பரவினதும் நிந்தையும் வந்தது. அவர் சொன்ன திபெத்துச் சம்பவங்கள் உண்மைதானா என்று ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் சிலர் புத்தகமே எழுதினார்கள். அவர் பெரிதாகச் சண்டை போடவில்லை. சபாத்துவில் இருந்துகொண்டு உருது பாஷையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார், ஜெபித்தார், கோடை வந்தால் திபெத்துப் பக்கம் திரும்பினார். 1929 ஏப்ரல் 18-ஆம் தேதி, முப்பத்தொன்பது வயசில், வியாதியுள்ள சரீரத்தோடு கடைசியாகத் திபெத்துக்குப் புறப்பட்டார். அவர் திரும்பி வரவில்லை. தேடிப் போனவர்களுக்கும் ஒரு அடையாளம் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாத பரிசுத்தவான் அவர்.

நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

சில வருஷத்துக்கு முன்னே வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வீட்டு ஜெபம் முடிந்ததும் ஒரு தாயார் மஞ்சள் பையிலிருந்து நிலத்துப் பட்டாவை எடுத்து என் கையில் கொடுத்து, இதன் மேல் கை வைத்து ஜெபியுங்கள் பாஸ்டர் என்றார்கள். மறுநாள் அதை அடகு வைக்கப் போகிறார்கள். நூற்றுக்கு மாசம் அஞ்சு ரூபாய் வட்டி. மகனை வெளிநாடு அனுப்புகிறதாக ஒரு ஆள் சொல்லியிருக்கிறான். சுற்றுலா விசாவில் போகலாம், போன பிறகு வேலை வாங்கித் தருகிறேன் என்பது பேச்சு. பையனுக்கு ஒரு வேலையும் தெரியாது. என்ன சம்பளம், எந்தக் கம்பெனி என்று எழுத்தில் ஒன்றும் இல்லை.

நான் கை வைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, சாதுவுடைய கதையைத்தான் அவர்களுக்குச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. விசுவாசம் இல்லாத பாஸ்டர் என்று நாலு பேரிடம் சொன்னார்களாம். பையன் மட்டும் மலையை விட்டு இறங்கும்வரை என் கூட நடந்து வந்தான். இப்போது அவன் கள்ளக்குறிச்சியில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் வேலை பழகி, கையில் தொழிலோடு இருக்கிறான். பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். இன்னும் போகவில்லை. ஒருநாள் போவான். பட்டா இன்னும் மஞ்சள் பையில் பத்திரமாய் இருக்கிறது.

சாது காசில்லாமல் போனாரே, நானும் விசுவாசத்தில் போவேன் என்று சொல்லுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாதுவுக்குப் பெண்சாதி பிள்ளைகள் இல்லை. உனக்கு உண்டு. அவர் காசில்லாமல் போனார், ஆனால் கடனோடு போகவில்லை. இரண்டும் ஒன்றல்ல. காசில்லாதவன் சுயாதீனன், கடனோடு போகிறவன் கப்பலேறும் முன்னே அடிமை. ஆண்டவர் ஒருதரம் சீஷர்களைப் பை இல்லாமல் அனுப்பினார். அதே ஆண்டவர் பிற்பாடு பை உள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று சொன்னவரும் அவரே.

ஆகையால் போகிற பிள்ளைகளே, முதலில் தேவையைச் சின்னதாக்கிப் பழகுங்கள். வீட்டிலே சிக்கனம் பழகாதவன் விமானம் ஏறினதும் பழகமாட்டான். சம்பளத்தில் பாதியை அங்கே போனுக்கும் ஓட்டலுக்கும் கொடுத்துவிட்டு, வட்டிக்கு இங்கே தாயைத் தவிக்கவிடுவான். ஒரு தொழில் கற்றுக்கொள்ளுங்கள். போகிற தேசத்து பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் அரசாங்கத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். வேலை விசாதானா என்று பாருங்கள். எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். பாஸ்போர்ட்டின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கதவு மூடினால் குறுக்கே ஏறிக் குதிக்காதிருங்கள், பம்பாயிலிருந்து திரும்பின வாலிபனை நினையுங்கள். அங்கே போனால் கூட இருக்கிறவன் விழுந்தால் தூக்குங்கள். சரீரம் களைத்தால் மறைக்காதிருங்கள், சாதுவே ஓய வேண்டியதாயிற்று.

பெற்றோர்களே, பிள்ளையைப் பணம் காய்க்கிற மரமாய் அனுப்பாதிருங்கள். ஷேர் சிங் மகனை முதலில் இழந்து, அப்புறம் கண்டடைந்து, அப்புறம்தான் டிக்கெட் கொடுத்தார். உங்கள் மகனோடு நீங்கள் முதலில் ஒப்புரவாகி, அப்புறம் வழியனுப்புங்கள்.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கினாலும், சென்னையிலிருந்து கடல் தாண்டினாலும், நம்முடைய பாதங்களைப் பார்க்கிற தேவன் ஒருவரே. பிரயாணத்துக்கு ஆயத்தப்படுகிற ஒவ்வொரு குடும்பத்தையும் கர்த்தர் கடன் கண்ணிக்கும் வஞ்சகர் கைக்கும் விலக்கிக் காத்து, போகையிலும் வருகையிலும் கூட இருப்பாராக. ஆமென். அல்லேலூயா!